சாவியைக் கொடுக்கும் முன் காணி உறுதியைத் தேடுங்கள்

கேள்வி: மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் எங்கள் சின்ன ஆலயம் இருக்கிறது. வெள்ளைக்காரத் துரை காட்டிய இடத்தில், தோட்டத்துச் சனம் ஆளுக்கு ஒரு பேர் சம்பளம், அதாவது ஒரு நாள் சம்பளம், போட்டுக் கட்டியது என்று தாத்தா சொல்வார். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை உள்ளே இடமில்லாமல் வாசலிலும் ஆள் நிற்கும். இப்போது எட்டுக் குடும்பம்தான். குருவானவர் மாதம் ஒருமுறை வருகிறார். ஆலயத்தை மூடி நகரத்துச் சபையோடு சேர்க்கப்போவதாகத் திருச்சபைத் தலைமை கடிதம் அனுப்பியிருக்கிறது. தோட்ட நிர்வாகமோ, ‘நிலம் எங்களுடையது, கட்டடத்தை ஸ்டோர் ஆக்கப்போகிறோம்’ என்கிறது. சாவி, பதிவேடுகள், ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் கிடக்கும் வங்கிப் புத்தகம் எல்லாம் ஆலயச் செயலாளர் என்ற முறையில் என்னிடம்தான். மணியைக் கொடுத்த குடும்பத்தார் அதைத் திருப்பிக் கேட்கிறார்கள். காசைப் பிரித்துக்கொள்வோம் என்று வேறு சிலர். மூடுவதைத் தடுக்க வழியுண்டா? எங்கள் கல்லறைகளின் கதி என்ன?

பதில்: எல்லாம் எழுதிய நீங்கள் எந்தச் சபை என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அதைப் பொறுத்துச் சில பதில்கள் மாறும். போகப்போகச் சொல்கிறேன்.

வழிபாட்டை நிறுத்துவது வேறு, காணியைக் கைமாற்றுவது வேறு. உங்கள் கடிதத்தில் இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. முதலாவதில் உங்கள் கை தாழ்ந்தது. இரண்டாவதில் நீங்கள் நினைப்பதைவிட உயர்ந்தது.

ஒரு சபைக்கு இனிக் குருவானவரை அனுப்புவதா, பக்கத்துச் சபையோடு சேர்ப்பதா என்பது திருச்சபையின் உள்விவகாரம். நமது நீதிமன்றங்கள் அதற்குள் இலேசில் கை வைக்கமாட்டா. இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை வழிபாட்டுச் சுதந்திரத்தைத் தருகிறதே, உயர் நீதிமன்றம் போகலாமா என்று யாராவது உங்களை உசுப்பிவிடுவார்கள். போக வேண்டாம். 126ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை வழக்கு அரசின் நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலுக்கு எதிரானது. ஆயரின் கடிதம் அரசின் செயல் அல்ல. கொழும்புக்குப் போய்வரும் காசு மிச்சம்.

ஆனால் திருச்சபைக்குள்ளேயே வாசல் இருக்கிறது. நீங்கள் கத்தோலிக்கர் என்றால், ஆலயத்தை வழிபாட்டுப் பயன்பாட்டிலிருந்து விலக்கும் அதிகாரம் திருச்சபைச் சட்டத்தின் 1222ஆம் பிரிவின்படி ஆயருக்கு உண்டு. அதற்குப் பாரதூரமான காரணமும், ஆயர் குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்டிருப்பதும் வேண்டும். ஆணை கைக்குக் கிடைத்த பத்து நாட்களுக்குள், அதை மீளப்பெறும்படி ஆயருக்கே எழுத்தில் கேட்க வேண்டும். தவறினால் மேலே ரோமாபுரி வரைக்குமான முறையீட்டு வழி அடைபட்டுவிடும். மெதடிஸ்த சபையில் சினோட் என்ற பேரவையும் மாநாடும், அங்கிலிக்கன் சபையில் மறைமாவட்ட யாப்பும் பேசும். அந்த யாப்பின் பிரதி ஒன்றை எழுத்தில் கேளுங்கள். உறுப்பினருக்கு அதை இல்லை என்று சொல்வது அவர்களுக்குக் கஷ்டம்.

சரி, காணிக்கு வருவோம்.

துரை ‘இந்த மேட்டில் கட்டிக்கொள்’ என்று சொன்னது நல்ல மனம்தான், ஆனால் அது உரித்து ஆகாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் கையொப்பமிட்ட உறுதி இல்லாமல் காணி கைமாறாது. ஆகவே முதல் வேலையாக நுவரெலியா காணிப் பதிவகத்தில் தேடுங்கள். தோட்டத்தின் பேரில் மட்டும் தேடினால் போதாது. கத்தோலிக்க மறைமாவட்டங்களில் ஆயரே ஒரு தனிநபர்க் கூட்டுத்தாபனமாக, அதாவது அந்தப் பதவியின் பேரிலேயே, காணி வைத்திருப்பார். மெதடிஸ்த சபைக்கு அதன் நம்பிக்கைப் பொறுப்பு (டிரஸ்ட்) சங்கம் இருக்கிறது. அந்தப் பேர்களிலும் தேட வேண்டும். தோட்டத்தின் பழைய நில அளவைப் படம் கிடைத்தால் இன்னும் நல்லது. சில படங்களில் ஆலயத் துண்டுக்குத் தனி எல்லையும் தனி இலக்கமும் போட்டிருப்பார்கள்.

இதில் இவ்வளவு அவசரம் ஏன்? 1975இல் காணிச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. அவை காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவுக்குப் போய், பிறகு ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபைக்கும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் வந்தன. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. பிறகு அந்தக் கம்பனிகளுக்குக் கிடைத்தது 1992இலிருந்து 53 வருஷக் குத்தகை. 1975க்கு முன்பே ஆலயத் துண்டு உறுதி எழுதிப் பிரிக்கப்பட்டிருந்தால், அது தோட்டத்தோடு சேர்ந்து போயிருக்காது. அப்போது ‘நிலம் எங்களுடையது’ என்ற பேச்சு எடுபடாது. உறுதி இல்லையென்றாலும் கம்பனி குத்தகைக்காரர்தான், சொந்தக்காரர் அல்ல என்பதை மறக்க வேண்டாம். கம்பனியிடம் என்ன ஆவணம் இருக்கிறதோ, அதை ஆணைக்குழுவிடமும் அந்த இரண்டு அரச நிறுவனங்களிடமும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும்.

‘எண்பது வருஷமாக நாங்கள் ஆண்டு அனுபவிக்கிறோமே’ என்று மனம் சொல்லும். பத்து வருஷ ஆட்சி உரித்தாகும் என்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. ஆனால் அந்த ஆட்சி சொந்தக்காரருக்கு எதிரானதாக இருக்க வேண்டும். துரை அனுமதித்துக் குடியிருந்தது எதிரான ஆட்சி அல்ல. அரசுக்கு எதிராகவோ இந்தச் சட்டம் ஓடவே ஓடாது. இதை நம்பி வழக்குப் போட்டுத் தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாறாக, நம்மவர்கள் அதிகம் கவனிக்காத ஒரு பிரிவு இருக்கிறது. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு. ஒரு தர்ம நம்பிக்கைப் பொறுப்பு முறைப்படி எழுதி உருவாக்கப்பட்டதற்குச் சான்று இல்லாவிட்டாலும், எல்லாச் சூழ்நிலைகளையும் பார்த்து அப்படியொன்று இருப்பதாக நீதிமன்றம் கருதலாம் என்கிறது. உங்கள் தாத்தா சொன்ன அந்த ‘ஒரு பேர் சம்பளம்’ இங்கேதான் சட்டத்துக்குள் நுழைகிறது. சம்பளத்தில் வெட்டிய பணத்தை எழுதிய பழைய கொப்பி, அடிக்கல்லில் வெட்டிய எழுத்து, திறப்புவிழாப் படம், கூரைத் தகரம் வாங்கிய பில், எண்பது வயதுக் கிழவியின் சத்தியக்கடதாசி எல்லாம் சாட்சி. திருச்சபைத் தலைமை காணியை விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ புறப்பட்டால், ‘இது வழிபாட்டுக்காக ஒப்படைத்த சொத்து’ என்று கேட்பதற்கு இது நல்ல பிடி. அரசுக்கு எதிராக இதே பிடி அவ்வளவு இறுகாது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வழக்கென்று வந்தால், அதே சட்டத்தின் 102ஆம் பிரிவின்படி அக்கறையுள்ள ஐந்து பேர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றம் போகலாம். நேரே போக முடியாது. முதலில் அரசாங்க அதிபரிடம், அதாவது மாவட்டச் செயலாளரிடம், விசாரணை ஆணையாளர் ஒருவரை நியமிக்கும்படி மனுக் கொடுத்து அவருடைய சான்றைப் பெற வேண்டும். எட்டுக் குடும்பத்தில் ஐந்து பேர் கிடைப்பார்கள். ஆனால் வழக்கு முடியும்போது அந்த ஐந்து பேரும் தோட்டத்தில் இருப்பார்களா? பிள்ளைகள் கொழும்பில் கடையிலும் கட்டாரில் ஹோட்டலிலும் நிற்கிறார்கள். ஆகவே வழக்குக்கு முன்பு பேச்சு. விற்கமாட்டோம் என்று எழுத்தில் வாங்க முடிந்தால் பாதி வெற்றி.

ஸ்டோர் ஆக்கப்போகிறோம் என்பவர்களுக்குச் சாவியைக் கொடுக்காதீர்கள். பூட்டை உடைத்தால் பொலிஸில் முறைப்பாடு எழுதுங்கள். வழிபாட்டிடத்தை மதத்தை அவமதிக்கும் எண்ணத்தோடு சேதப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின் 290ஆம் பிரிவில் குற்றம். ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி மீட்புச் சட்டத்தின்கீழ் வெளியேறும்படி அறிவித்தல் வந்தால், நீதவான் நீதிமன்றத்தில் நீங்கள் காட்டக்கூடியது அரசின் செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ எழுத்து அதிகாரமோ மட்டும்தான். பழைய கதைக்கு அங்கே இடமில்லை. அறிவித்தல் கையில் கிடைத்த அன்றே ஒரு சட்டத்தரணியிடம் ஓடுங்கள்.

மணி விஷயம் சுருக்கம். கொடுத்து, வாங்கி, தொங்கவிட்டு அடித்தாயிற்று. அன்பளிப்பு முடிந்துவிட்டது. இரவலாகத் தந்தது என்று அவர்களிடம் எழுத்து இருந்தாலொழிய அது ஆலயத்தின் சொத்து. திருச்சபை மனமுவந்து கொடுத்தால் வேறு கதை. நீங்கள் கழற்றிக் கொடுக்காதீர்கள்.

காசைப் பிரிக்கவே கூடாது. ஆலயத்தின் பேரில் கிடக்கும் பணத்தை எட்டு வீட்டுக்குப் பங்கிட்டால், கையொப்பமிட்ட நீங்கள்தான் தண்டனைச் சட்டக்கோவையின் 388, 389ஆம் பிரிவுகளில் நம்பிக்கை மோசடிக்காரர் ஆவீர்கள். அந்தக் காசில் கல்லறைத் தோட்டத்துக்கு வேலி போடும்படி கூட்டத்தில் தீர்மானம் எழுதித் தலைமையிடம் அனுமதி கேளுங்கள். மறுக்க யாருக்கும் மனம் வராது.

என்னைக் கேட்டால், உங்கள் கையில் இருப்பதில் விலை மதிப்பற்றது சாவியும் அல்ல, வங்கிப் புத்தகமும் அல்ல. பதிவேடுகள். சில வருஷங்களுக்கு முன் ஒரு பாட்டி என்னிடம் வந்தார். பிறப்புப் பதிவே இல்லை. பிஸ்கட் டின்னுக்குள், இராமபாணப் பூச்சி ஓரம் தின்ற ஒரு ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பேரும் தகப்பன் பேரும் லயத்தின் இலக்கமும் இருந்தன. அந்த ஒரு வரிதான் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு வழிவிட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக இருந்தவர்களையும் அவர்களின் வழித்தோன்றல்களையும் பற்றிப் பேசுகிறது. அந்தத் திகதி, இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்த நாள். அந்த ஒப்பந்தம்தான் உங்கள் ஆலயத்தின் பாதி வாங்குகளைக் காலியாக்கி இந்தியாவுக்கு அனுப்பியிருக்கும். எஞ்சியவர்கள் அன்று இங்கேதான் இருந்தார்கள் என்பதற்கு உங்கள் பதிவேடு சாட்சி. எல்லாப் பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுங்கள். தலைமை கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்கும்போது எத்தனை தொகுதி, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்று எழுதி, ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆலயம் மூடப்பட்டாலும் கல்லறைகளை யாரும் தொட முடியாது. மனம் புண்படுத்தும் எண்ணத்தோடு அடக்க நிலத்துக்குள் அத்துமீறுவது தண்டனைச் சட்டக்கோவையின் 292ஆம் பிரிவில் குற்றம். பூதவுடலைத் தோண்டி இடம் மாற்ற முறையான அனுமதி வேண்டும். பிரச்சினை வேறு. காணியை யார் எடுத்தாலும், பத்து வருஷம் கழித்து வாசலில் கேட் போட்டுவிடுவார்கள். அதனால் எந்தப் பேச்சுவார்த்தையிலும் கல்லறைக்குப் போகும் பாதையை, அடி அகலம் உட்பட, நொத்தாரிசு உறுதியில் எழுதிப் பதிவுசெய்யும்படி கேளுங்கள்.

தலைமையின் கடிதம் உங்கள் கைக்கு வந்த திகதியையும் நீங்கள் எழுதவில்லை. கத்தோலிக்கச் சபை என்றால் அந்தப் பத்து நாள் ஓட ஆரம்பித்துவிட்டிருக்கலாம். கடித உறையைத் தேடி எடுத்து, தபால் முத்திரையை முதலில் பாருங்கள்.