வெண்கலச் சிலையில் பச்சை: தேய்ப்பதா, விடுவதா?

கேள்வி: சென்னை பாரிமுனைப் பகுதியில், எங்கள் தெருமுனையில் ஒரு தலைவரின் வெண்கலச் சிலை இருக்கிறது. எழுபதுகளில் வணிகர் சங்கம் வைத்தது. முகத்திலும் தோளிலும் பச்சை பிடித்திருக்கிறது, பீடத்திலும் பச்சை ஒழுகிய தடம். அடுத்த மாதம் பிறந்தநாள் விழா. ஆசிட் போட்டுக் கழுவி, தங்க நிற பெயிண்ட் அடித்துத் தருவதாக ஒரு காண்டிராக்டர் சொல்கிறார். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தாலே பளபளப்பாகிவிடும் என்கிறார்கள் சில உறுப்பினர்கள். எதைச் செய்யலாம்?

பதில்: இரண்டுமே வேண்டாம். விழா முடியும்வரை காண்டிராக்டரை நிறுத்தி வையுங்கள். ஆசிட் பட்ட சிலையை யாராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

முதலில் அது வெண்கலம்தானா என்று பாருங்கள். நம் தெருக்களில் வெண்கலம் என்று சொல்லப்படுகிற பல சிலைகள் சிமென்ட் சிலைகள், மேலே வெண்கல நிறப் பூச்சு. விரல் முட்டியால் தட்டுங்கள். வெண்கலம் கணீரென்று ஒலிக்கும், சிமென்ட் மந்தமாகக் கேட்கும், பைபர் என்றால் காலி பிளாஸ்டிக் டப்பா மாதிரி சத்தம் வரும். சிமென்ட் சிலையாக இருந்தால் நான் கீழே சொல்வது எதுவும் பொருந்தாது. உள்ளே கம்பி துருப்பிடித்து, உப்பி, விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்த பிறகு தாராளமாக பெயிண்ட் அடிக்கலாம். நீங்கள் பச்சை பற்றிக் கேட்டிருப்பதால் உங்களுடையது வெண்கலம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

வெண்கலம் என்பது பெரும்பாலும் செம்பு, அதோடு வெள்ளீயம். வெளியில் நிற்கும்போது காற்றும் மழையும் பட்டு, மேலே ஒரு படலம் உருவாகிறது. முதலில் பழுப்பு, அப்புறம் கருமை, பல ஆண்டுகள் கழித்துப் பச்சை. இந்தப் படலம் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும்வரை உள்ளே இருக்கும் உலோகத்தை அதுவே காக்கும். நியூயார்க் சுதந்திர தேவி சிலையை 1886-இல் திறந்தபோது அது செம்பு நிறம். பச்சையாகிக்கொண்டிருந்த 1906-இல், பெயிண்ட் அடிக்கத் திட்டம் போட்டார்கள். மக்கள் எதிர்த்தார்கள். அந்தப் படலம் செம்பைக் காக்கிறது என்று ராணுவப் பொறியாளர்களும் சொன்னதால் வெளிப்புறத்தைத் தொடாமல் விட்டார்கள். இன்றும் அந்தப் பச்சையோடுதான் நிற்கிறது. நம் ஊரில் பார்க்க வேண்டுமென்றால் தீவுத்திடல் பக்கம் போய் மன்றோ சிலையைப் பாருங்கள். ஆங்கிலச் சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி செய்த வெண்கலம், 1839-இலிருந்து கடல்காற்றில் நிற்கிறது.

ஆனால் எல்லாப் பச்சையும் நல்ல பச்சை இல்லை. சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். கடல்காற்றில் வரும் உப்பிலுள்ள குளோரைடு, வெண்கலத்தின் நுண்துளைகளில் புகுந்து செம்போடு சேர்ந்துகொள்ளும். காற்றில் ஈரப்பதம் சுமார் 45 சதவீதத்தைத் தாண்டினாலே அது வேலையைத் தொடங்கிவிடும். நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். உலோகம் உள்ளிருந்தே அரிபட்டு, வெளிர் பச்சை மாவாக வெளியே தள்ளும். சிலைப் பாதுகாப்பில் இருப்பவர்கள் இதை வெண்கல நோய் என்பார்கள்.

எது எது என்று கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. காலை வெயிலில் ஏணி வைத்து ஏறுங்கள், மர ஏணியாக இருக்கட்டும். உலர்ந்த பஞ்சால் பச்சைப் பகுதியை மெல்லத் துடைத்துப் பாருங்கள். பஞ்சில் எதுவும் ஒட்டாமல், தொட்டால் வழவழப்பாகவோ லேசான சொரசொரப்பாகவோ இருந்தால் அது நிலைத்த படலம். பஞ்சில் வெளிர் பச்சைத் தூள் வந்தால், அந்த இடத்தை மரக் குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். தூளுக்கு அடியில் சிறு குழி தெரிந்தால் அது நோய். காதின் பின்புறம், காலர் மடிப்பு, கைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் சந்து என மழை நேராகக் கழுவாத இடங்களில்தான் உப்பு தங்கும், அங்கே கட்டாயம் பாருங்கள். தோளில் மழை ஓடிய தடத்தில் வெளிர் பச்சைக் கோடுகளும், மறைவான இடங்களில் கறுப்பும் இருப்பது எல்லா ஊர்ச் சிலைகளிலும் உண்டு, அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

இப்போது புளி விஷயத்துக்கு வருவோம். வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே என்று உங்கள் உறுப்பினர்கள் நினைப்பது இயல்பு. விளக்கு வீட்டுக்குள் இருக்கிறது, தேய்த்ததும் கழுவித் துடைத்துவிடுகிறோம். சிலையில் புளியின் அமிலம் காக்கும் படலத்தைக் கரைத்துவிடும், கூடப் போடுகிற உப்பு அந்தக் குளோரைடை நம் கையாலேயே உள்ளே ஏற்றும். இரண்டு வாரம் பளபளக்கும். பிறகு முன்பைவிட மோசமாகத் திட்டுத்திட்டாகப் பச்சை வரும். கடையில் விற்கும் ஆசிட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான், அதிலும் குளோரைடு. பிளீச்சிங் பவுடர், உப்புத்தாள், கம்பிப் பிரஷ் இவையும் கூடாது. கம்பிப் பிரஷ் விட்டுப்போகும் இரும்புத் துகள் தனியாகத் துருப்பிடிக்கும்.

தங்க பெயிண்ட் பற்றி எனக்குக் கோபமே உண்டு. கண்ணிமையையும் சால்வை மடிப்பையும் அவ்வளவு நுணுக்கமாகச் செய்திருப்பார் சிற்பி. நான்கு முறை பெயிண்ட் அடித்ததும் முகம் மழுங்கி, யார் சிலை என்று பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலைக்குப் பக்கத்தில் போய், பாறையைத் தள்ளும் அந்த நால்வரின் முதுகுத் தசைகளைப் பாருங்கள். கனமான பூச்சு ஒன்று போட்டால் அந்தத் தசையும் அதன் இறுக்கமும் போய்விடும். இன்னொன்று, பெயிண்ட் வெடித்த இடத்தில் ஈரம் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். நோய் வெளியே தெரியாமல் வளரும்.

பீடத்தில் பச்சை ஒழுகியிருப்பதாகச் சொன்னீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. சுவாமிமலையில் பூஜைக்கு வார்க்கும் விக்கிரகம் உள்ளும் உலோகமாக, கனமாக இருக்கும். தெருவில் நிற்கும் பெரிய சிலை அப்படியில்லை, உள்ளே வெற்றிடம். மழைநீர் இணைப்புகள் வழியே உள்ளே போகும், அது வெளியேறக் காலடியில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். பீடத்துக்கு டைல்ஸ் ஒட்டும்போது கொத்தனார் அந்தத் துளைகளை சிமென்ட் வைத்து அடைத்துவிடுவது வழக்கமாக நடக்கிறது. தண்ணீர் உள்ளேயே நின்று, எங்கே இடுக்கு கிடைக்கிறதோ அங்கே பச்சையாகக் கசியும். காலணிக்கும் பீடத்துக்கும் இடையே பாருங்கள், துளை அடைபட்டிருந்தால் சிமென்டை மெதுவாகச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். அங்கே செம்பழுப்புத் தடமும் இருந்தால் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமோ போல்ட்டோ துருப்பிடிக்கிறது என்று பொருள். செம்பும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்புதான் வேகமாக அரிபடும். சுதந்திர தேவி சிலையின் உட்சட்டங்களை 1986 நூற்றாண்டு விழாவுக்கு முன் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்ற வேண்டிவந்ததும் இதனால்தான். செம்பழுப்பைக் கண்டால் தாமதிக்காமல் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். ஆள் உயரச் சிலை ஒன்று நடைபாதைப் பக்கம் சாய்வது பயங்கரம்.

சரி, விழாவுக்கு என்ன செய்வது? கழுவுங்கள், போதும். போர் தண்ணீர் வேண்டாம், உங்கள் பகுதியில் அது உப்பு. மெட்ரோ தண்ணீர் பரவாயில்லை, கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் கேன் நல்லது. துணி துவைக்கும் பவுடருக்குப் பதில் நான்-அயானிக் டிடர்ஜென்ட் (மின்னேற்றம் இல்லாத, மென்மையான சலவைத் திரவம்) வாங்குங்கள், பாரிமுனை கெமிக்கல் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஒரு வாளிக்குச் சில சொட்டு. மென்மையான நார்ப் பிரஷ், கை அழுத்தம் இல்லாமல். காக்கை எச்சம் காய்ந்திருந்தால் சுரண்ட வேண்டாம், ஈரத்துணி போட்டு ஊறவிட்டால் தானே வரும். எச்சத்தில் அமிலம் இருக்கிறது, வாராவாரம் எடுப்பது நல்லது. பஞ்சில் தூள் வந்த இடத்தை மட்டும் நீங்கள் கழுவாதீர்கள். அது வல்லுநர் கையில் போக வேண்டியது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இலிருந்தே உலோகப் பொருள்களைக் காக்க வேதியியல் ஆய்வகம் இயங்குகிறது, அங்கே போய் ஆலோசனை கேளுங்கள்.

கழுவிய சிலை முழுக்கக் காய்ந்த பிறகு மெழுகு பூசலாம். மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு என்று கேளுங்கள், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு அது. மெழுகுவர்த்தியும் கார் பாலிஷும் இதற்கு ஆகாது. வெயிலில் சிலை சூடாக இருக்கும்போது மெல்லியதாகத் தடவி, பழைய பருத்தித் துணியால் தேய்த்துவிட்டால் கருமையாக, ஆழமான ஒரு மினுமினுப்பு வரும். தங்க பெயிண்டைவிட அழகு என்று உங்கள் உறுப்பினர்களே சொல்வார்கள். மழைக்காலம் முடிந்து பிப்ரவரி, மார்ச்சில் ஒரு முறை. கடல் பக்கம் என்பதால் செப்டம்பரில் இன்னொரு முறை பூசினால் வடகிழக்குப் பருவமழையைத் தாங்கும்.

மாலைகளைக் கம்பியில் கட்டாமல் நூலில் கட்டச் சொல்லுங்கள், மறுநாளே எடுத்துவிடுங்கள். பாலாபிஷேகம் கூடவே கூடாது, பால் புளித்தால் அதுவும் அமிலம். சுற்றிக் கூண்டு இருந்தால் அதன் இரும்பு சிலையைத் தொடாமல் இருக்கட்டும்.

சிலை யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் விசாரித்து, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே ஏணி வையுங்கள். காவல் நிலையத்துக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். தலைவர் சிலை மேல் ஆள் ஏறி நிற்பதைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் வேறு மாதிரி நினைத்துவிட்டால் தெருவே கொந்தளிக்கும். கழுவுவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே இடங்களை ஒப்பிட்டால், பச்சை பரவுகிறதா, நின்றுவிட்டதா என்று நீங்களே சொல்லிவிடலாம்.