பத்து வருடம் கழித்து வந்த சம்பளம்: ரிட்டர்னில் எங்கே காட்டுவது?

கேள்வி: சார், நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. கஞ்சிக்கோடு பக்கம் ஒரு நூற்பாலையில் சூபர்வைசராக இருந்தேன். 2015 ஜூன் முதல் 2016 மார்ச் வரை, மாதம் 24,000 வீதம் பத்து மாதச் சம்பளம் தராமலே மில்லைப் பூட்டிவிட்டார்கள். கேஸ் நடந்து, மில் சொத்தை விற்று, இந்த 2026 ஜனவரியில்தான் பணம் வந்தது. சம்பளம் 2,40,000, வட்டி 60,000. வட்டியில் 6,000 டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள். இப்போது பொள்ளாச்சியில் வேலை, வருடச் சம்பளம் 11,40,000, புது வரி முறை. யூனியன் அண்ணன் “அது நஷ்ட ஈடு மாதிரிதான், காட்டவே வேண்டாம்” என்கிறார். ஆடிட்டர் ஆபீஸ் தம்பி மூன்று லட்சத்தையும் இதர வருமானத்தில் போட்டு 88,000 வரி என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரையும் வேண்டாம். தம்பி கூட்டல் கழித்தல் சரியாகத்தான் போட்டிருக்கிறார், போட்ட கட்டம்தான் தப்பு.

முதலில் அண்ணன் சொன்னது. வேலை பார்த்ததற்கு வர வேண்டிய கூலி பத்து வருடம் கழித்து வந்தாலும், மில் முதலாளி கையால் வராமல் சொத்து விற்ற காசிலிருந்து வந்தாலும், சம்பளம் சம்பளம்தான். எந்த வருடத்திலும் வரி போடப்படாத பாக்கிச் சம்பளம் கைக்கு வந்த வருடத்தின் வருமானம் என்று வருமான வரிச் சட்டம் பிரிவு 15 சொல்கிறது. மறைக்கவும் முடியாது, வட்டிக்கு டிடிஎஸ் பிடித்தபோதே உங்கள் பான் எண்ணில் அது ஏறியிருக்கும், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையை எடுத்துப் பாருங்கள்.

இப்போது தம்பியின் 88,000. உங்கள் சம்பளத்தில் நிலைக் கழிவு 75,000 போனால் 10,65,000. புது முறையில் 12 லட்சம் வரை பிரிவு 87ஏ வரித் தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். அதன் மேல் இந்த மூன்று லட்சம் ஏறி 13,65,000 ஆனதும் தள்ளுபடி மொத்தமாகப் போய்விடுகிறது, வரி 84,750, அதற்கு 4 சதவீதம் செஸ், ஆக 88,140. அன்றைக்கே ஒழுங்காகச் சம்பளம் கொடுத்திருந்தால் ஆயிரத்துச் சொச்சம்கூடக் கட்டியிருப்பீர்களோ என்னவோ, அவர்கள் ஏமாற்றியதற்கு நீங்கள் 88,000 கட்டுவது என்ன நியாயம்? சட்டம் எழுதியவர்களுக்கும் இது தோன்றியிருக்கிறது. அதற்குத்தான் பிரிவு 89 நிவாரணம். புது வரி முறையில் இருப்பவர்களுக்கும் உண்டு, “புது முறையில் எந்தச் சலுகையும் கிடையாது” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இதில் கணக்கு இரண்டு. ஒன்று, பாக்கிச் சம்பளத்தைச் சேர்த்தும் சேர்க்காமலும் இந்த வருட வரி. சேர்த்தால் 88,140. சேர்க்காவிட்டால், வட்டி 60,000 மட்டும் ஏறி 11,25,000, வரி இல்லை. வித்தியாசம் 88,140. இரண்டாவது, அதே சம்பளம் 2015-16லேயே வந்திருந்தால் எவ்வளவு? அந்த வருடம் ஏப்ரல், மே சம்பளம் 48,000 மட்டும் வாங்கியிருந்தீர்கள், வேறு வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். 2,40,000 சேர்ந்தால் 2,88,000. அப்போதைய விலக்கு 2,50,000, மீதி 38,000க்கு 10 சதவீதம் 3,800, அன்றைய தள்ளுபடி 2,000 போக 1,800, செஸ் 3 சதவீதம் சேர்த்து 1,854. அந்த வருடத்துக்கு அந்த வருடத்து விகிதம்தான், இன்றைய விகிதத்தைப் போடக்கூடாது. 88,140இல் 1,854ஐக் கழித்தால் நிவாரணம் 86,286. நீங்கள் கட்ட வேண்டியது 1,854. ஏற்கனவே 6,000 பிடித்திருக்கிறார்களே, அப்புறம் என்ன, நாலாயிரத்துச் சொச்சம் உங்களுக்குத்தான் திரும்பி வரும்.

ஆனால் மூன்று லட்சத்தையும் இதர வருமானம் என்று போட்டால் இதில் ஒரு பைசா கிடைக்காது, ஏனென்றால் நிவாரணம் சம்பளத்துக்குத்தான். அதனால் 2,40,000ஐச் சம்பளத்தோடு சேர்த்துக் காட்டுங்கள், 60,000 மட்டும் இதர வருமானம். ரிட்டர்ன் படிவம் ஐடிஆர்-1 போதும்.

இன்னொன்று, இதில்தான் பலரும் மாட்டுகிறார்கள். ரிட்டர்ன் போடுவதற்கு முன்னால் வருமான வரி இணையதளத்தில் இந்த நிவாரணத்துக்கான ஃபார்ம் 10இ தாக்கல் செய்ய வேண்டும். அதைப் போடாமல் ரிட்டர்னில் நிவாரணத் தொகையை மட்டும் எழுதினால் ரிட்டர்ன்களைச் சரிபார்க்கும் வரித்துறையின் பெங்களூரு மையம் அதை வெட்டிவிட்டு, வட்டியோடு வரி கேட்டு நோட்டீஸ் அனுப்பும். படிவத்தில் மதிப்பீட்டு ஆண்டு கேட்கும்போது பணம் சேர வேண்டிய பழைய வருடத்தைப் போட்டுவிடாதீர்கள், பணம் கைக்கு வந்த 2025-26க்கு அடுத்த ஆண்டான 2026-27 என்றுதான் போட வேண்டும். கடைசி நாள் ஜூலை 31. பணம் பிரித்துக் கொடுத்த கடிதத்தில் எந்த மாதத்துக்கு எவ்வளவு என்று இருந்தால் பத்திரமாக வையுங்கள், மலையாளத்தில் இருந்தாலும் பரவாயில்லை, ரிட்டர்னோடு அனுப்ப வேண்டியதில்லை, கேட்டால் காட்டத்தான். அந்தக் கடிதத்தில் கிராச்சுவிட்டி (பணிக்கொடை) என்று தனித் தொகை ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். கிராச்சுவிட்டிச் சட்டப்படி வந்தது 20 லட்சம் வரை வரி இல்லாதது, அதைச் சம்பளத்தில் கலந்துவிட வேண்டாம்.

கேள்வி: எங்கள் அப்பா பீர்மேடு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து, சம்பள பாக்கி வராமலே இறந்துவிட்டார். இப்போது வாரிசு என்று என் கணக்கில் 90,000 போட்டிருக்கிறார்கள். நான் கம்பத்தில் டீச்சர். என் சம்பளத்தோடு சேர்த்துக் காட்டணுமா?
– வண்டிப்பெரியாறு வாசகி

பதில்: வேண்டாம்மா. உழைத்தது அப்பா, அது அவர் சம்பளம், உங்கள் சம்பளம் ஆகாது. மேலே சொன்ன ‘கைக்கு வந்த வருடம்’ கணக்கு உழைத்தவரே பணத்தை வாங்கும்போதுதான்; அப்பா உயிரோடு இருந்தபோது சேர்ந்த பாக்கி அவருடைய அந்தந்த வருடத்து வருமானமாகத்தான் கணக்கு, தோட்டக் கூலி அப்போது வரி வரம்பைத் தொட்டிருக்கவே வாய்ப்பில்லை. அவர் இறந்த பிறகு உள்ள காலத்துக்கு வட்டி என்று ஏதாவது சேர்த்திருந்தால் அந்தத் தொகையை மட்டும் உங்கள் இதர வருமானத்தில் காட்டுங்கள். வருமான வரி இணையதளத்தில் உள்ள உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையில் 90,000ஐயும் உங்கள் சம்பளமாக ஏற்றியிருந்தால் அங்கேயே “தகவல் சரியில்லை” என்று பதில் போட வசதி இருக்கிறது, ரிட்டர்னுக்கு முன்னால் அதைச் செய்துவிடுங்கள். வாரிசுச் சான்றிதழ் நகலும் கையில் இருக்கட்டும்.