ஸ்டூடியோவைக் காலி செய்யும் முன்: ஒரு பி.ஆர்க். மாணவிக்குப் பதில்

கேள்வி: சென்னையில் பி.ஆர்க். எனும் கட்டிடக்கலைப் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் தேனி. ஆறாம் செமஸ்டர் வைவா (வாய்மொழித் தேர்வு) நெருங்கும் நேரத்தில் ஐந்து சுற்றறிக்கைகள் அடுத்தடுத்து வந்துவிட்டன. வெள்ளிக்கிழமைக்குள் ஸ்டூடியோவைக் காலி செய்ய வேண்டும், எடுக்காத கட்டிட மாடல்கள் அப்புறப்படுத்தப்படும் என்கிறது ஒன்று. போர்ட்ஃபோலியோ (படைப்புத் தொகுப்பு) ஒப்படைப்பு, பாக்கி எதுவும் இல்லை என்பதற்கான நோ டியூஸ் கையெழுத்து, ஆண்டு இறுதிக் கண்காட்சிக்கு ஒப்புதல் படிவம், பயிற்சி பெறப்போகும் அலுவலகத்தின் விவரம் என்று மற்றவை. மூன்று வருட மாடல்களையும் ஊருக்குக் கொண்டுபோக வேன் பிடிக்கட்டுமா என்று அப்பா கேட்கிறார். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, எதில் தொடங்குவது?

பதில்: வேன் வேண்டாம். வரைபட ஷீட் சுருட்டி வைக்கும் குழாய் ஒன்று, அட்டைப்பெட்டி ஒன்று, ஹார்டு டிஸ்க் ஒன்று. உங்கள் மூன்று வருட வேலையில் காப்பாற்ற வேண்டியது இவற்றுக்குள் அடங்கிவிடும். வெள்ளிக்கிழமைக்குள் அதைச் சரியான வரிசையில் செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம்.

சுற்றறிக்கைகள் வந்த வரிசை நிர்வாகத்தின் வசதிக்கானது. அறைகளுக்கு வெள்ளையடிக்க வேண்டும், ஜூனில் புதிய அணி வந்து உட்கார வேண்டும். அவர்கள் அவசரம் அவர்களுக்கு. உங்கள் வரிசை வேறு. முதலில் எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள். பிறகு ஒப்படையுங்கள். அதன் பிறகு கையெழுத்து வாங்குங்கள். கடைசியாகத்தான் எதையும் தூக்கி எறிய வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் இதைத் தலைகீழாகச் செய்து, பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் 'அந்த மாடலின் படம் யாரிடமாவது இருக்கிறதா' என்று வகுப்புக் குழுவில் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். மனம் கனத்துப்போகும். பல இரவுகளின் உழைப்பு அது.

நாள் தவறினால் மதிப்பெண்ணைப் பாதிப்பது போர்ட்ஃபோலியோ ஒப்படைப்பு மட்டுமே. அதற்கு முந்தைய நாளே ஷீட்கள் உங்கள் கையில் பதிவாகியிருக்க வேண்டும். மதிப்பிட்ட ஷீட்களைத் தேர்வு முடிவு வரும் வரையாவது கல்லூரியே வைத்துக்கொள்வது பல இடங்களில் வழக்கம். திரும்பிக் கைக்கு வரும்போது மடிப்பும் கிழிசலுமாக வரலாம்.

மாடல்களிலிருந்து தொடங்குங்கள். இருப்பதில் அவைதான் சீக்கிரம் அழியும். ஃபோம் போர்டும் பசையும் மே மாத வெயிலில் மூடிய வண்டிக்குள் ஒரு பயணத்தைத் தாங்குவதே கடினம். ஊர் போய்ச் சேர்ந்தாலும் பரண்மேல் ராமபாணப் பூச்சியும் கரப்பானும் காத்திருக்கும். ஆகவே மாடலைக் காப்பாற்றுவது என்றால் நல்ல புகைப்படம் எடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டூடியோவின் டியூப் லைட்டுக்கு அடியில் எடுக்காதீர்கள். பல விளக்குகளின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சுவரின் ஆழமே தெரியாமல் போய்விடும். காலை எட்டு மணியளவிலோ மாலை நான்கரைக்கு மேலோ மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள். சாய்ந்த வெயில் ஒரே நிழலைத் தரும். பின்னால் சாம்பல் நிற சார்ட்டை வளைவாக நிறுத்துங்கள். வெள்ளை மாடலுக்குக் கறுப்பும் பொருந்தும். கைப்பேசியை மாடலுக்கு அருகில் கொண்டுபோனால் கோடுகள் விரிந்து, கட்டிடம் பின்னோக்கிச் சாய்வது போலத் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள்.

பறவைப் பார்வையில் இரண்டு படங்கள் போதும். மற்றவற்றை மனிதக் கண்ணின் உயரத்தில் எடுங்கள். உண்மை அளவில் நூறில் ஒரு பங்கான 1:100 மாடலில் அந்த உயரம் தரையிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர். 1:200 என்றால் அதிலும் பாதி. கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் கீழே வந்துவிடும், அந்த உயரம் கிடைத்துவிடும். முற்றத்துக்குள் நுழைகிறவர் என்ன பார்ப்பார் என்பதைக் காட்டும் அந்த ஒரு படம், மேலிருந்து எடுத்த பத்துப் படங்களைவிட உங்கள் வடிவமைப்பைப் பற்றி அதிகம் சொல்லும்.

வீசி எறிவதற்கு முன் மாடலிடமிருந்து இன்னொரு பாடமும் கற்கலாம். உங்கள் கட்டிடம் அமையும் இடம் தமிழ்நாட்டில்தான் என்றால், மாடலின் வடதிசையை உண்மையான வடதிசையோடு பொருத்தி, சமதளத்தில் வைத்து, நண்பகலில் ஒரு முறை பாருங்கள். அன்று அந்த நேரத்தில் உண்மைக் கட்டிடத்தில் விழும் நிழல்தான் மாடலிலும் ஏறக்குறைய விழும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் உச்சியைக் கடந்து, ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகலில் சற்று வடக்கே நிற்கிறது. ஆகவே மே மாத நண்பகலில் வெயில் படுவது வடக்குச் சுவரில். வடக்கே வெயிலே வராது என்று நம்பி அங்கே சஜ்ஜா (ஜன்னலுக்கு மேல் நிழல் தரும் நீட்டல்) வைக்காமல் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்திருந்தால், அது உங்கள் கண்முன்னே தெரிந்துவிடும். அந்தப் படத்தை எடுத்து, என்ன மாற்றுவீர்கள் என்று இரண்டு வரி எழுதி போர்ட்ஃபோலியோவில் சேருங்கள். நான் உங்களை வேலைக்குத் தேர்ந்தெடுப்பவளாக இருந்தால் முதலில் நிற்கும் பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து ஷீட்கள். இங்கே என் கருத்து பல ஆசிரியர்களின் கருத்திலிருந்து மாறுபடும். பிரிண்ட் எடுத்த இறுதி ஷீட்களை விட்டுவிடுங்கள், கோப்பு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மறுபடி அச்சிடலாம். கையால் வரைந்தவற்றை விடாதீர்கள். பட்டர் பேப்பர் எனும் அடியில் இருப்பது தெரியும் மெல்லிய தாளில் ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்த பிளான்கள், ஆசிரியர் சிவப்பு மையில் கிறுக்கிய திருத்தங்கள், கட்டிடம் அமையும் இடத்தைப் பார்க்கத் தள ஆய்வுக்குப் போனபோது நோட்டில் போட்ட படங்கள், முதலில் செய்து பார்த்துக் கைவிட்ட உள்ளங்கையளவு மாடல்கள் ஆகியவை மறுபடி கிடைக்காது. பயிற்சிக்கு ஆள் எடுக்கும் கட்டிடக்கலைஞர்கள் கணினியில் உருவாக்கிய பளபளப்பான ரெண்டர் படங்களைத் தினமும் பார்க்கிறார்கள். அவர்கள் தேடுவது இந்தப் பெண் எப்படி யோசிக்கிறாள் என்பதை. அதற்கான சான்று குப்பைக்கூடைக்குப் போகக் காத்திருக்கும் இந்தக் காகிதங்களில்தான் இருக்கிறது.

பட்டர் பேப்பர் நாளடைவில் பழுப்பேறி மொறுமொறுவென உடையும். அதனால் இந்த வாரமே ஸ்கேன் செய்யுங்கள். ஓர் ஏ1 ஷீட்டை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் கிட்டத்தட்ட 7 கோடி பிக்சல் கிடைக்கும். சாதாரணக் கைப்பேசிப் படம் 1.2 கோடிதான், மெல்லிய பென்சில் கோடு அதில் மங்கிவிடும். பிளான் பிரிண்ட் எடுக்கும் கடைகளில் அகலமான ஸ்கேனர் இருக்கும். அது ஷீட்டை உருளைகளுக்கு இடையே இழுத்துக்கொள்ளும் வகை என்றால், கரித்துண்டாலோ பேஸ்டலாலோ வரைந்தவற்றையும் துண்டுகள் ஒட்டியவற்றையும் உள்ளே விடாதீர்கள். தேய்ந்துபோகும் அல்லது கிழியும். அவற்றை நிழலான இடத்தில் சுவரில் ஒட்டி, பகுதி பகுதியாகப் படம் எடுத்து இணைத்துக்கொள்ளலாம்.

கோப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்லூரி மின்னஞ்சலோடு வரும் டிரைவ் படிப்பு முடிந்தபின் மூடப்படலாம். அங்கே இருப்பதை ஹார்டு டிஸ்க்குக்கும் உங்கள் சொந்தக் கணக்குக்கும் நகலெடுங்கள். வரைபட மென்பொருளான ஆட்டோகேடின் கோப்பை மட்டும் எடுத்தால், அதில் இணைத்த வேறு வரைபடங்களும் படங்களும் பின்னால் தங்கிவிடும். இ-டிரான்ஸ்மிட் கட்டளை எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டித் தரும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் அதே வேலைக்கு பேக்கேஜ் என்ற கட்டளை இருக்கிறது. ரெவிட் எனும் கட்டிட மென்பொருளின் புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு திட்டத்துக்கும் நல்ல தரத்தில் ஒரு பிடிஎஃப் கட்டாயம் வைத்திருங்கள். குழுவாகச் செய்த தள ஆய்வுகளின் நகல் ஒருவர் லேப்டாப்பில் மட்டும் இருந்தால் இன்றே கேட்டு வாங்குங்கள். போர்ட்ஃபோலியோவில் சேர்க்கும்போது குழுவில் இருந்த எல்லோர் பெயரையும் போட்டு, உங்கள் பங்கு எது என்றும் எழுதுங்கள்.

கண்காட்சி ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். மாடலைக் காட்சிக்குத் தருவதும் அதன் உரிமையைத் தருவதும் வேறு வேறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் வரைபடத்தையும் கட்டிட மாடலையும் கலைப்படைப்பாகவே பாதுகாக்கிறது. மாணவி கல்லூரியின் ஊழியர் அல்லர் என்பதால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் நீங்கள்தான். அந்த உரிமை எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் கைமாறும். கண்காட்சியிலும் கல்லூரி இதழிலும் பயன்படுத்த அனுமதி என்று இருந்தால் மகிழ்ச்சியாகக் கொடுங்கள். 'எல்லா உரிமைகளும் நிறுவனத்துக்கே' என்று இருந்தால், துறைத் தலைவரிடம் போய், 'சார், பயன்படுத்த அனுமதி என்று மாற்றித் தர முடியுமா, என் பெயரும் வர வேண்டும்' என்று பணிவாகக் கேளுங்கள். பல நேரங்களில் யாரோ எப்போதோ தட்டச்சு செய்த வாசகம் அது, கேட்டால் மாற்றுவார்கள். உரிமையைக் கைமாற்றிய பிறகும் படைப்பாளர் என்று பெயர் கோரும் உரிமை உங்களிடமே இருக்கும் என்பதும் அதே சட்டம்தான்.

இனி, விட வேண்டியவை. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) அடித்தளப் பலகைகள், அக்ரிலிக் துண்டுகள், நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டும் உடையாத கான்டூர் அட்டைகள் ஆகியவற்றை இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கொடுங்கள். அந்தப் பலகை ஒன்றின் விலை அவர்களுக்குப் பெரிய தொகை. ஒவ்வொரு மாடலிலிருந்தும் பிடித்த ஒரு பகுதியை, ஒரு படிக்கட்டோ கூரை இணைப்போ, வெட்டியெடுத்துப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். மிச்சத்தைக் கல்லூரிப் பின்புறத்தில் குவித்துக் கொளுத்துவது சில இடங்களில் நடக்கிறது. தயவுசெய்து அதில் சேராதீர்கள். மாடல் செய்யும் சன்போர்டு அட்டை என்பது பி.வி.சி. பிளாஸ்டிக்; எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், நுரையீரலை அரிக்கும் வாயு அது. தெர்மோகோல் புகையும் நல்லதல்ல. தனித்தனியாகப் பிரித்துக் குப்பை சேகரிப்பவரிடம் கொடுங்கள். பாதி மீந்த ஸ்பிரே பெயின்ட், ஸ்பிரே பசை டப்பாக்களை ரயிலில் எடுத்துப் போகக் கூடாது, அவை தீப்பற்றக்கூடியவை. ஜூனியர்களுக்கே விட்டுவிடுங்கள். நோ டியூஸ் கையெழுத்துக்கு நூலகமும் பட்டறையும் மட்டுமே நேரம் பிடிக்கும், அவற்றைப் புதன்கிழமையே முடித்துவிடுங்கள்.

பயிற்சி அலுவலக விவரத்தை நிரப்பும் முன், அங்கே உங்களை மேற்பார்வையிடப்போகிறவர் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அவருடைய எண் 'சிஏ' என்று தொடங்கி, பதிவு செய்த ஆண்டோடு வரும். கட்டிடக்கலை கவுன்சிலின் இணையதளத்தில் தேடிச் சரிபார்க்கலாம். உங்கள் மாணவர் உரிம ஆட்டோகேடை அலுவலக வேலைக்குப் பயன்படுத்தச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அந்த உரிமம் கற்பதற்கு மட்டுமே. விண்ணப்பத்திலும் சமூக ஊடகத்திலும் உங்களை 'ஆர்க்கிடெக்ட்' என்று எழுத வேண்டாம். 1972ஆம் ஆண்டின் கட்டிடக்கலைஞர்கள் சட்டம், 37ஆம் பிரிவின்படி பதிவு பெறாதவர் அந்தப் பட்டப்பெயரைப் பயன்படுத்தக் கூடாது. 'பி.ஆர்க். மாணவி, ஆறாம் செமஸ்டர்' என்று எழுதுங்கள். அலுவலகம் இன்னும் உறுதியாகவில்லை என்றால், அவசரத்தில் யாரோ ஒருவர் பெயரை எழுதித் தராமல், 'விண்ணப்பித்திருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்' என்று குறிப்பிட்டுக் கூடுதல் அவகாசம் கேளுங்கள்.