ஏர் ரைபிளின் டிரிகரை மாற்றுவது குறித்துச் சித்தூர் நண்பருக்கு

வணக்கம். பாலக்காடு சித்தூரில் தாங்கள் பயிற்சிக்கு வைத்திருக்கும், குழலை மடக்கி ஏற்றும் 0.177 அங்குல ஏர் ரைபிளின் டிரிகர் கனமாகவும் இழுவையாகவும் இருப்பதால், இரண்டு கட்ட டிரிகர் (முதலில் லேசாக நகர்ந்து ஒரு தடையில் நின்று, பிறகு மேலும் இழுத்தால் சுடுவது) பொருத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். பொருத்தலாம், ஆனால் டிரிகரைத் தாங்கும் உலோகப் பின்களுக்கான துளைகளின் இடைவெளி, பின்னின் விட்டம், பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் சியரின் வடிவம் ஆகிய மூன்றும் தங்கள் மாடலுடன் பொருந்தினாலொழிய, வைராக் நிறுவனத்தின் ரெகார்ட் போன்ற புகழ்பெற்ற டிரிகரே ஆனாலும் வாங்க வேண்டாம்.

சில மாடல்களில் டிரிகர் தொகுதியே ஸ்பிரிங்கின் பின்முனையைத் தாங்கி நிற்பதால், ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவி இல்லாமல் பின்னைத் தட்டி எடுத்தால் ஸ்பிரிங் சீறிப் பாயும். கனத்தைக் குறைக்கச் சியரை அரத்தால் தேய்ப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். சியரின் பிடி நழுவினால், பெல்லட் எனும் சிறு குண்டை இடும் கணத்திலேயே குழல் அறைந்து மூடி விரலை நசுக்கிவிடும் என்பதால், புதிய டிரிகரிலும் குழலை ஒரு கையால் இறுகப் பிடித்தபடியே பெல்லட் இடுங்கள். சியர் முகத்தில் மாலிப்டினம் கிரீஸை மெல்லியதாகத் தடவினாலே இழுவை பல நேரங்களில் தணிந்துவிடும். அதை முதலில் செய்து பாருங்கள்.

பொருத்திய பின், பெல்லட் இட்டு, மணல் மூட்டையை நோக்கி வைத்து, ஸ்டாக்கை ரப்பர் சுத்தியால் தட்டிப் பாருங்கள். பெல்லட் இல்லாமல் சுட்டால் பிஸ்டன் சீல் கெட்டுவிடக்கூடும். தட்டும்போதே சியர் விடுபட்டுச் சுட்டுவிட்டால், அந்த டிரிகரைக் கழற்றிவிடுங்கள்.