பதவி உங்களுக்கு இல்லை என்று சொன்ன மின்னஞ்சல் எந்தத் தேதியில் வந்தது, தம்பி?

ஜெனீவா வந்து இரண்டு வருடம், ஐ.நா.வில் பி-4 நிலை அதிகாரிப் பதவிக்கு நேர்காணல் வரை போயும் பதவி வேறொருவருக்குப் போய்விட்டது, சுவிஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வீடு, பிள்ளைகளின் பள்ளி. அதெல்லாம் மெல்ல அமைந்துவிடும், எங்களுக்கு அமையவில்லையா? வழக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சுவிஸ் நீதிமன்றம் இதைத் தொடாது, ஐ.நா. மீது அங்கே வழக்குப் போட முடியாதபடி அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேனேஜ்மென்ட் எவால்யுவேஷன், அதாவது நிர்வாகமே தன் முடிவை மறுபடி பார்க்கும்படி கேட்டு எழுதிவிட வேண்டும். ஜெனீவாக்காரர்களுக்கு 45 நாளில் பதில் வர வேண்டும். பதில் வந்த நாளிலிருந்தோ, வராவிட்டால் அந்தக் கெடு முடிந்ததிலிருந்தோ 90 நாளுக்குள் டிஸ்ப்யூட் டிரைப்யூனலுக்கு, அதாவது ஐ.நா.வின் ஊழியர் வழக்குகளுக்கான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முதல் 60 நாளைத் தீர்ப்பாயமே நினைத்தாலும் நீட்ட முடியாது, அதன் சட்டம் அப்படி. (உலக சுகாதார நிறுவனம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. என்றால் வழி வேறு. உள்ளுக்குள் முறையிட்டு, அப்புறம் ஐ.எல்.ஓ. தீர்ப்பாயம்.)

எனக்கும் இதேபோல் பதவி இல்லை என்று 2011 நவம்பர் 14 அன்று கடிதம் வந்தது. "பொறுங்கள், அடுத்தது உங்களுக்குத்தான்" என்றார் மேலதிகாரி. பேச்சு நடக்கும்வரை நாள் ஓடாது என்று நம்பினேன். எவால்யுவேஷன் கேட்டு என் விண்ணப்பம் போனது ஜனவரி 19. கெடு 13ஆம் தேதி. ஆறு நாளில் எல்லாம் போனது.

நம்மவர்கள் சிலர் இன்னும் "வழக்குப் போட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டார்கள், சும்மா இரு" என்பார்கள். பதினைந்து வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் சொல்லும் யோசனை அது. அவர்களிடம் கேட்காதீர்கள். ஐ.நா.விலேயே ஊழியர் சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, அங்கே போங்கள்.

"நானே தகுதியானவன்" என்று மட்டும் எழுதாதீர்கள். யார் சிறந்தவர் என்று தீர்ப்பாயம் தேர்வு செய்யாது. உங்களை முழுமையாக, நியாயமாகப் பரிசீலித்தார்களா என்றுதான் பார்க்கும். நிர்வாகம் அதைக் கொஞ்சம் காட்டினாலே போதும், அப்புறம் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். காலியிட அறிவிப்பில் கேட்ட தகுதி ஒன்று, நேர்காணல் குழு மதிப்பெண் போட்டது வேறொன்றுக்கா? அங்கே பிடியுங்கள்.

அப்போது என் பக்கத்து அறையில் கென்யாப் பெண் ஒருவர் இருந்தார். கடிதம் வந்த அன்றே சுவர்க் காலண்டரில் அறுபதாம் நாளைச் சிவப்பு மையால் வட்டமிடுவார். டிசம்பரில் அங்கே நின்று காபி குடித்தபோது அந்த வட்டத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், என் கடிதத்துக்கு எண்ணத் தோன்றவில்லை.

உங்கள் மின்னஞ்சலின் தேதியை இன்றே எழுதுங்கள், தம்பி.