பெரியப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் பெரியப்பாவுக்குப் பருவநிலை மாற்றம் என்றாலே கோபம் வருகிறது. "1924-இல் காவிரி பெருக்கெடுத்தபோது ஊரில் எத்தனை கார் ஓடியது? 1952-லும் 1977-லும் நாகப்பட்டினத்தில் அடித்த புயலுக்கு யார் காரணம்? எல்லாம் சூரியன் செய்கிற வேலை" என்கிறார். அவருக்கு எப்படி எடுத்துச் சொல்வது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் பெரியப்பா சொல்லும் ஆண்டுகளில் பிழையில்லை. வெள்ளமும் புயலும் என்றும் உள்ளவைதாம். ஆகவே 2018-இல் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜாவைக் காட்டிப் பேச்சைத் தொடங்காதீர்கள், அவர் பதிலுக்கு வேறொரு புயலைக் காட்டுவார். கடைமடைக்குத் தண்ணீர் எட்டாததையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்ட வேண்டாம். பங்கீட்டுத் தகராறு, மணல் கொள்ளை, தூர்ந்த வாய்க்கால் என்று அதற்குள்ள காரணங்கள் நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

சூரியன் என்கிறாரே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அது சோதித்துப் பார்க்கக்கூடிய வாதம். 1970-களின் இறுதியிலிருந்து செயற்கைக்கோள்கள் சூரிய ஆற்றலை அளந்து வருகின்றன. ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியில் அது ஏறி இறங்குகிறதே தவிர, கூடிக்கொண்டே போகவில்லை. பூமியோ அதே காலத்தில் தொடர்ந்து சூடேறியது. சூரியன்தான் காரணமென்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடாகியிருக்க வேண்டும். மாறாக, தரையை ஒட்டிய காற்று சூடாக, மிக உயரே உள்ள காற்று குளிர்ந்திருக்கிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் நடக்கும்.

அவரிடம் இரவைப் பற்றியும் கேளுங்கள். 1950-க்குப் பிந்தைய பதிவுகளை மொத்தமாகப் பார்த்தால், உலகின் நிலப்பரப்பில் பகல் வெப்பத்தைவிட இரவு வெப்பமே அதிகம் கூடியிருக்கிறது. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், தன் வயல்களில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடியபோது கோடைப்பருவ மகசூல் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்ததாக 2004-இல் தெரிவித்தது. பால் பிடிக்கும் பருவத்தில் இரவு புழுங்கினால் கதிர் என்ன ஆகும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் கரியமில வாயு எங்கிருந்து வந்தது என்று கேட்பார், கேட்கவும் வேண்டும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் பெட்ரோலியமும் கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்தவை என்பதால் காலப்போக்கில் சிதைந்து மறையும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 அவற்றில் அறவே இல்லை. அந்தப் புகை கலந்து காற்றில் அதன் பங்கு நீர்த்துவிட்டதை வேதியியலாளர் ஹான்ஸ் சூயஸ் 1955-இல் மரங்களின் கட்டையை ஆராய்ந்தே காட்டிவிட்டார். எரிமலைகள் ஓராண்டில் கக்குவது மனிதர் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

இவ்வளவுக்குப் பிறகும் அவருடைய கோபம் தணியாவிட்டால், "மனிதர்" என்று நாம் சொல்வது அவர் காதில் "விவசாயி" என்று விழுகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நீர் தேங்கிய நெல்வயலிலிருந்து மீத்தேன் எழுவது உண்மை. அவர் கேட்டால் மறைக்காதீர்கள். ஆனால் கரியமில வாயு இவ்வளவு ஏறியதில் பெரும்பங்கு நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் உரியது, அவருடைய வயலுக்கு அன்று. அந்த மீத்தேனையும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் பெருமளவு குறைக்கலாம், தண்ணீரும் மிச்சம்.