கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தால் குழந்தை குண்டாகப் பிறக்குமா? அது நல்லதுதானே?

28ஆவது வாரத்தில் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள், "பிள்ளை கொழுகொழுவென்று பிறந்தால் நல்லதுதானே" என்று வீட்டில் சொல்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான்.

மூத்தவன் 2013இல் பிறந்தபோது 4.2 கிலோ. பார்க்க வந்தவர்களெல்லாம் பீமன் என்றார்கள். மாமியார் இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குக் காய் வாங்கப் போன இடத்திலும் எடையைச் சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பீமனுக்குப் பிறந்த இரண்டு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை வெறும் 1.8 (இங்கே mmol/L அளவில்தான் சொல்வார்கள்). பால் இழுக்கத் தெம்பில்லை, கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். குதிகால் இரண்டிலும் ஊசி குத்திய புள்ளிகள், கடுகு தெளித்த மாதிரி. இதை யாரும் தேக்காவில் போய்ச் சொல்லவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை கூடினால் பிள்ளைக்கு எப்படிக் குறையும் என்று எனக்கும் குழப்பம்தான். தாயின் ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியாகத் தாராளமாகப் போகும். தாயின் இன்சுலின் போகாது. அதனால் பிள்ளையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளிக்கிறது. கருவில் இன்சுலின் வளர்ச்சிக்கான ஹார்மோனாகவும் வேலை செய்யும். மிஞ்சிய சர்க்கரை கொழுப்பாகி உடம்பிலும் தோளிலும் சேர்கிறது. தலை வெளியே வந்த பிறகு தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அதனால்தான். பிறந்து கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், ஆனால் பிள்ளையின் இன்சுலின் உடனே குறையாது. அதுதான் அந்த 1.8.

அப்போது எனக்குச் சர்க்கரைச் சோதனையே நடக்கவில்லை. ஆபத்து இருக்கிறவர்களுக்குத்தான் செய்வார்கள். கேகே மருத்துவமனையில் 2016 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்கிறார்கள். 2017இல் சின்னவள் வயிற்றில் இருந்தபோது 75 கிராம் குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு, வாந்தியை அடக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வரம்பு இதுதான்: வெறும் வயிற்றில் 5.1, ஒரு மணி நேரத்தில் 10.0, இரண்டு மணி நேரத்தில் 8.5. இதில் ஒன்றை எட்டினாலும் கர்ப்பகாலச் சர்க்கரைதான். (ஊரிலிருந்து அம்மா, "எங்க டாக்டர் 92ன்னு சொல்றாரே" என்றார். அது mg/dL கணக்கு. 5.1ஐ 18ஆல் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட அதேதான்.) எனக்கு வெறும் வயிற்றிலேயே 5.6.

"பார்டர்தானே" என்று விட்டுவிடாதீர்கள். 9 நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஹாப்போ ஆய்வு 2008இல் வெளிவந்தது. சிங்கப்பூர்ப் பெண்களும் அதில் உண்டு. தாயின் சர்க்கரை கூடக்கூடப் பெரிய குழந்தை பிறக்கும் வாய்ப்பும் கூடியது. இதற்குக் கீழே பயமே இல்லை என்று தெளிவான கோடு எதுவும் தெரியவில்லை.

சாப்பாட்டில் என்னைக் கவிழ்த்தது காலை வேளைதான். நான்கு இடியாப்பம் தின்றால் கருவி 9ஐத் தாண்டும். ஒரு தோசையும் இரண்டு முட்டையும் என்றால் 6 சொச்சம். கோப்பியைக் கோசோங் (சர்க்கரை போடாதது) ஆக்கியதுதான் பெரிய தியாகம். அப்படியும் வெறும் வயிற்று அளவு இறங்கவில்லை, இரவில் இன்சுலின் போடச் சொன்னார்கள். "ஊசி மருந்து பிள்ளைக்குப் போகாதா?" என்றார் மாமியார். போகாது, மேலே சொன்ன அதே காரணம்தான். அதற்காகச் சோற்றை அடியோடு நிறுத்திப் பட்டினியும் கிடக்காதீர்கள், பிள்ளை சிறுத்துப்போகலாம்.

ஸ்கேனில் சொல்லும் எடையை ரொம்ப நம்பவும் வேண்டாம். சின்னவள் 3.7 இருப்பாள் என்றார்கள், 3.2தான் இருந்தாள். "என்ன இவ்வளவுதானா?" என்று மாமியாருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். குதிகாலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 3.1, பயப்பட ஒன்றுமில்லை. தாதி எண்ணைப் படிக்கும்வரை என் கணவர் ஜன்னல் பக்கமே திரும்பி நின்றுகொண்டிருந்தார்.